மேஜிக் கற்க ஆசையா? அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மேஜிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்துவிட்டால் போதும், சுற்றியிருக்கிற அத்தனை பேரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். "ஒரு மேஜிக் செட் வாங்கிக்கோ." பொருட்காட்சிக் கடைக்காரர் சொல்கிறார். பொம்மைக் கடைக்காரர் சொல்கிறார். பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தருவது என்று தெரியாமல் முழிக்கும் மாமாவும் சொல்கிறார். பெட்டியின் மேல் '100 வித்தைகள்', '150 வித்தைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பெட்டி வீட்டுக்கு வருகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வித்தைகள் அரங்கேறுகின்றன, அம்மா கைதட்டுகிறார். இரண்டாவது ஞாயிறு தம்பி பெட்டிக்குள் கைவிட்டு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறான். மூன்றாவது ஞாயிறு பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது.

பெட்டி தயாரித்தவரைத் திட்டிப் பயனில்லை. அவர் வியாபாரி, விற்கிறார். திட்ட வேண்டியது வாங்குகிறவர்களின் தலைக்குள் இருக்கும் ஒரு நம்பிக்கையை. மேஜிக் என்றால் ரகசியம், ரகசியத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் மேஜிக் வந்துவிடும் என்கிற நம்பிக்கை. முதல் வித்தையாக எதைக் கற்பது என்ற நல்ல கேள்வியை இந்த நம்பிக்கைதான் கெடுத்து வைத்திருக்கிறது.

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு இயந்திரம் வாங்கினால் வருடத்துக்குப் பத்து சதவீதமோ பதினைந்து சதவீதமோ மதிப்பு குறையும். மேஜிக் ரகசியத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படித்த அந்த நிமிடமே 100 சதவீதம் காலி. "அட, இவ்வளவுதானா?" என்று சொல்லாத ஆள் கிடையாது. சொன்ன கையோடு அடுத்த ரகசியத்தை வாங்கத் தோன்றும். மேஜிக் சாமான் வியாபாரம் இந்த 'இவ்வளவுதானா'வின் தலையில்தான் நடக்கிறது!

ஒரு உதாரணம். கட்டிலிருக்கும் எல்லாச் சீட்டும் ஒரே சீட்டாக மாறிவிடும் ஒரு மாயக் கட்டு உண்டு. ஸ்வெங்காலி கட்டு என்று பெயர். பாதிச் சீட்டுகள் ஒரே சீட்டின் பிரதிகள், மற்றவற்றைவிட ஒரு இழை குட்டை. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். விற்பவர் கையில் அது அற்புதம். வாங்கியவர் வீட்டுக்கு வந்து செய்து காட்டினால் பத்து வினாடியில் ஒருவர் கை நீட்டுவார்: "கொடு, பார்க்கலாம்." அவ்வளவுதான், கதை முடிந்தது. விற்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், ஒரு வித்தை முடிந்த கையோடு அடுத்ததற்குப் போய்விடுகிறார், கூட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாகக் கற்பவரின் பார்வையாளர்கள் அப்படியா? விடுதி அறைத் தோழன், அத்தை மகன், பக்கத்து வீட்டு வாண்டுகள். இவர்கள் நாளைக்கும் இருப்பார்கள், நாளைக்கும் கை நீட்டுவார்கள். ஆகவே, முடிந்தபின் சாமானை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிடக்கூடிய வித்தைதான் முதல் வித்தையாக இருக்க முடியும். அவர்களிடமே வாங்கிய சாமானாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, பெட்டி வேண்டாம், சாதாரண சீட்டுக்கட்டு போதும் என்று இறங்குகிறவர்களின் கதி என்ன? அவர்களுக்கென்றே இருக்கிறது இருபத்தொரு சீட்டு வித்தை. சித்தப்பாக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் குடும்பச் சொத்து. 21 சீட்டுகளை ஏழேழாக மூன்று வரிசையில் போட வேண்டும். நினைத்த சீட்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடியும் போட வேண்டும். இப்படி மொத்தம் மூன்று தடவை. கடைசியில் 11வது சீட்டு அவர் நினைத்த சீட்டாக இருக்கும். ஒருபோதும் தவறாது. அதனாலேயே எல்லோரும் இதை முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கொஞ்சம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். 63 தடவை ஒரு சீட்டு கீழே விழுவதை அந்த மனிதர் பார்க்க வேண்டும். "எந்த வரிசை?" என்ற கேள்விக்கு மூன்று தடவை பதில் சொல்ல வேண்டும். (வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட ஒரு தடவை 'உள்ளேன் ஐயா' சொன்னால் போதும்.) கடைசியில் சீட்டு வரும்போது அவருக்கு ஆச்சரியம் வருவதில்லை. 'ஏதோ கணக்கு' என்று தோன்றுகிறது. அவருக்குத் தோன்றியது சரிதான், அது கணக்கேதான்! தவறாமல் வருகிற வித்தை என்பதற்காக அதை முதல் வித்தையாக ஒருவர் தலையில் கட்டுவது, கீழே விழாது என்பதற்காகக் குழந்தைக்கு மூன்று சக்கர வண்டியை மட்டுமே வாழ்நாள் முழுக்க ஓட்டக் கொடுப்பது மாதிரி.

இதைவிட எளிய ஒன்று இருக்கிறது. (ரகசியத்தைச் சொல்லலாமா என்று யாரும் பதற வேண்டாம், ஆரம்பப் புத்தகம் எதைத் திறந்தாலும் இருக்கும்.) அடிச்சீட்டு எது என்று யாருக்கும் தெரியாமல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேடு ஏழு என்று வைத்துக்கொள்வோம். நண்பர் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைக்கிறார். கட்டை ஒரு தடவை வெட்டி வைத்தால், அடியிலிருந்த ஸ்பேடு ஏழு நேராக அவர் சீட்டின் மேல் போய் உட்காரும். அவரே இன்னும் நாலு தடவை வெட்டினாலும் ஜோடி பிரியாது. கலைக்க மட்டும் விடக்கூடாது. இனி மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தால், ஸ்பேடு ஏழுக்கு அடுத்து வருவது அவருடைய சீட்டு.

"இதோ உன் சீட்டு" என்று அங்கேயே நிறுத்தினால் ஒரு சின்ன 'பரவாயில்லையே' கிடைக்கும். சர்க்கஸ் சீட்டு வித்தை என்று இதற்கே இன்னொரு வடிவம் உண்டு. அதில், அவர் சீட்டு வந்தபின் முகத்தில் எதுவும் காட்டாமல் இன்னும் நாலைந்து சீட்டுகள் தாண்டிப் போக வேண்டும். அவர் சீட்டின் மூலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். பிறகு கட்டின் அடுத்த சீட்டில் விரலை வைத்துக்கொண்டு, "அடுத்து திருப்பப் போகிற சீட்டு உன் சீட்டு" என்று அடித்துச் சொல்ல வேண்டும். நண்பருக்கு உள்ளே ஒரே குஷி. அவர் சீட்டுதான் எப்போதோ மேஜையில் விழுந்துவிட்டதே! "மாட்டினான்டா!" பக்கத்திலிருப்பவனுக்குக் கண்ணடிப்பார். "என்ன பந்தயம்?" என்பார். அந்த நேரம் பார்த்துக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் கிடக்கும் அவருடைய சீட்டை உருவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். திருப்பியாயிற்று. சொன்ன சொல் தவறவில்லை. (பந்தயக் காசைக் கையால் தொடக்கூடாது. ஒரு டீயோடு விட்டுவிடலாம்.)

ரகசியம் இரண்டு இடத்திலும் அதேதான். அந்த ஒரு வரி ரகசியத்துக்குக் காலணா பெறாது. நண்பரின் முகத்தில் வந்து போன அந்தக் குஷியும், அது அப்படியே கவிழ்ந்ததும்தான் வித்தை. எந்தப் பெட்டிக்குள்ளும் அதைப் போட்டு விற்க முடியாது.

இங்கே இன்னொரு கோஷ்டி கோபித்துக்கொள்ளும். கைத்திறன்தான் மேஜிக், தானாக வேலை செய்யும் வித்தையெல்லாம் ஏமாற்று, இரண்டு சீட்டை ஒன்று போலத் தூக்கிக் காட்டும் டபுள் லிஃப்டை ஒரு வருடம் கண்ணாடி முன்னால் பழகிவிட்டு வா என்பவர்கள். பெட்டி விற்பவரைவிட இவர்களால்தான் ஆபத்து அதிகம். பெட்டிக்காரர் காசோடு விட்டுவிடுகிறார், இவர்கள் ஆசையையே கொன்றுவிடுகிறார்கள். சீட்டு மேஜிக்கின் ராஜபாட்டை என்று போற்றப்படும் ஹியூகார்டு, பிராவே இருவரும் சேர்ந்து எழுதிய 1948ஆம் ஆண்டுப் புத்தகத்தை இவர்கள் வேதம் போலக் காட்டுவார்கள். அதைத் திறந்து பார்த்தால் முதல் அத்தியாயம், நம் வீடுகளில் ரம்மி ஆடும்போது எல்லோரும் கலைப்பது போன்ற சாதாரணக் கலைப்பு! ஒரு உத்தியைச் சொல்லிவிட்டு, உடனே அதை வைத்துச் செய்யக்கூடிய வித்தைகளையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த உத்திக்குப் போகிறார்கள். ஒரு வருடம் யாருக்கும் எதையும் காட்டாதே என்று அந்தப் புத்தகம் யாரையும் தண்டிக்கவில்லை.

புதிதாகச் செய்பவருக்கு உண்மையான பிரச்சினை விரலில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் வயிற்றைப் பிசையும், கை நடுங்கும், தொண்டை வறளும். நடுங்குகிற கையில் டபுள் லிஃப்ட் நிற்காது. தானாக வேலை செய்யும் வித்தையின் அருமை அங்கேதான் தெரியும். கை பார்த்துக்கொள்ளும், நீங்கள் பேசக் கற்றுக்கொள்ளலாம், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். கார்ல் ஃபுல்வ்ஸ் 1976ல் வெளியிட்ட தொகுப்பில் கைத்திறனே தேவைப்படாத சீட்டு வித்தைகள் 72 இருக்கின்றன. 72ஐயும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு ஒன்றையும் யாருக்கும் செய்து காட்டாதவர்கள்தான் அதிகம். அதுவும் பெட்டி வியாதியேதான், அட்டைப்பெட்டிக்குப் பதில் புத்தக அட்டை.

ஒன்று போதும். அந்த ஒன்றை ஐம்பது பேரிடம் செய்யுங்கள். ஐம்பது தடவை ஒரே ஆளிடம் இல்லை, ஐம்பது வெவ்வேறு ஆட்களிடம். அப்போதுதான் எந்தக் காகிதத்திலும் எழுதியிராத சங்கதிகள் தெரியவரும். எடுத்த சீட்டையே மறந்துபோகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். கடைசியில் "ஆர்ட்டின் ஒன்பதா, டைமன் ஒன்பதா?" என்று அவரே குழம்பி நிற்பார். அதனால் எடுத்த சீட்டைப் பக்கத்திலிருப்பவருக்கும் காட்டச் சொல்ல வேண்டும். மேலே வைக்கச் சொன்னால் நடுவில் செருகுகிற ஆளும் உண்டு. கட்டைப் பிடுங்கிக் கலைத்துவிடுகிற முரட்டு மாமாவிடம் வேறு ஒரு வேடிக்கை சொல்லிச் சமாளிக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது ஆளிடம் இதெல்லாம் இடி மாதிரி விழும். முப்பதாவது ஆளிடம் சிரிப்பு வரும்.

நாணயம் வைத்துத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. நாணய வித்தைக்குப் பெயர் போன புத்தகம் போபோ 1952ல் எழுதியது. அமெரிக்கப் புத்தகம் என்பதால் அவர்களுடைய அரை டாலர் காசு மனதில் ஓடிக்கொண்டிருக்கும், குறுக்களவு 30.6 மில்லிமீட்டர். நம் இப்போதைய ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர் கூட வராது. அதை உள்ளங்கைச் சதையில் பிடித்து மறைக்க முயன்று, வழுக்கி வழுக்கி விழுந்து, 'நமக்கு ராசியில்லை' என்று விட்டவர்கள் பாவம். ராசியில் ஒன்றுமில்லை, காசு சின்னது. 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், கனமாகவும் இருக்கும், கையில் நிற்கும். (14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018ல் அறிவித்த பிறகும் வாங்க மறுத்த கடைக்காரர்கள் உண்டு. மேஜிக் பழகுபவருக்கு அவர்களால் ஒரு நஷ்டமும் இல்லை, காசு கையிலேயே தங்கிவிடுகிறதே.)

நாணயத்தில் முதலில் பழகுவது ஃபிரெஞ்சு டிராப். இடது கை விரல் நுனியில் இருக்கும் காசை வலது கை எடுப்பது போல் மூடும், காசு இடது உள்ளங்கையிலேயே நழுவி விழுந்துவிடும். பெட்டியோடு வரும் காகிதத்தில் இதற்கு இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியை நம்பிச் செய்தால் சின்னக் குழந்தைகூட இடது கையைத்தான் காட்டும். காரணம், செய்பவர் கண் இடது கையை விட்டு நகராது. காசு அங்கேதானே இருக்கிறது! முதலில் இருபது தடவை நிஜமாகவே எடுக்க வேண்டும். நிஜமாக எடுக்கும்போது கண் எங்கே போகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, காலியான கை எப்படித் தளர்ந்து கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தோராவது தடவை எடுக்காமல் அதையே செய்ய வேண்டும். வலது கையில் காசு இருக்கிறது என்று செய்பவரே ஒரு நொடி நம்பினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

கண்ணாடி முன் பழகுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏமாற்றும் அந்த நொடியில் பலருக்குக் கண் தானாகச் சிமிட்டிவிடும். தன் தப்பைத் தானே பார்க்க மனசு ஒப்புக்கொள்ளாது போலும். கண்ணாடியில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். செல்பேசியில் படம் எடுத்துப் பார்த்தால் குட்டு உடையும். வித்தைகளை அம்பலப்படுத்தும் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளுவதற்குப் பதில் அந்தச் செல்பேசியை இதற்குப் பயன்படுத்தலாம்.

ரகசியம் தெரிந்தால் மேஜிக் செத்துவிடும் என்பவர்களுக்கு சர்க்கார் கதையைச் சொல்ல வேண்டும். பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை லண்டன் மேடையில் செல்பிட் 1921லேயே செய்துவிட்டார். 1956ல் வங்காளத்து பி.சி.சர்க்கார் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் அதையே செய்தபோது அதற்கு வயது 35. பழைய சரக்குதான். ஆனால் சர்க்கார் அறுத்து முடித்துவிட்டுப் பெண்ணை எழுப்பினார், பெண் எழவில்லை. அவர் தடுமாறுவது போல் தெரிந்தது. அதற்குள் தொகுப்பாளர் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்தே போய்விட்டாள் என்று பயந்து ஜனங்கள் பி.பி.சி.க்குப் போன் மேல் போன் போட்டார்கள். புது ரகசியம் எதுவும் அங்கே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று ஒரு மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் மலிவான சரக்கு வேண்டுமா? கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி.பிரேமானந்த், 2009ல் காலமானவர், கையிலிருந்து விபூதி வரவழைப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். சாம்பலைக் கஞ்சியில் குழைத்து உருட்டிக் காயவைத்த ஒரு சின்ன உருண்டை. விரலிடுக்கில் ஒளித்து வைத்து நசுக்கினால் விபூதி கொட்டும். சாமான் செலவு பூஜ்யம். அதை வைத்துக்கொண்டு 'எனக்குச் சக்தி இருக்கிறது' என்று சொன்னவர்கள் காலில் படித்தவர்களும் விழுந்தார்கள். பிரேமானந்த் அதையே செய்துவிட்டு 'இது வித்தை' என்றார். உருண்டை ஒன்றுதான். இன்றைக்கு மனதைப் படிக்கும் வித்தையைத்தான் முதலில் கற்பேன் என்று நிறையப் பேர் கிளம்புகிறார்கள். கேட்டால் 'சைக்காலஜி', 'உடல்மொழி' என்று கதை விடுகிறார்கள். சீட்டு மறைந்தால் வேடிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். 'உன் மனசில் இருப்பது எனக்குத் தெரியும்' என்றால், பரீட்சையில் தேறுவேனா, வேலை கிடைக்குமா என்று ஒரு அப்பாவி தனியாக வந்து கேட்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

தமிழில் இந்தக் கலைக்கே செப்பிடு வித்தை என்று ஒரு பெயர். செப்படி வித்தை என்றும் சொல்வார்கள். செப்பு என்றால் சிறு கிண்ணம், மரச்செப்பில் வரும் அதே செப்பு. கிண்ணத்துக்கு அடியில் பந்தைப் போட்டு மறைத்து வரவழைக்கும் ஒரே ஒரு வித்தை ஒட்டுமொத்தக் கலைக்கும் பெயர் கொடுத்துவிட்டது. அதைச் செய்த தெரு வித்தைக்காரருக்கு மேடை கிடையாது, மேஜை கிடையாது, திரை கிடையாது. மண்ணில் குந்தி உட்கார்ந்து, நாலு பக்கமும் கூட்டம் சூழ, உச்சியில் குமிழ் வைத்த கிண்ணத்தை விரலிடுக்கில் பிடித்துச் செய்தார். எந்த முதுகுப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாலும் பார்க்கலாம். பம்பாய் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம் (1959) ஆடுவது பாடுவதோடு வித்தை காட்டிக் காசு கேட்பதையும் பிச்சைக் கணக்கில்தான் சேர்த்தது. டெல்லியிலும் அந்தச் சட்டம் இருந்தது, பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளை அங்கே உயர்நீதிமன்றம் 2018ல்தான் ரத்து செய்தது. பிளாஸ்டிக் பெட்டிக்கு எழுநூறு ரூபாய் கொடுக்க யோசிக்காதவர்கள், சந்தையில் துணியை விரித்து உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து ரூபாய் போட யோசிக்கிறார்கள். அப்படி ஒருவரை எங்காவது பார்த்தால் ஐம்பது ரூபாயாவது போட்டுவிட்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். பந்தைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பாருங்கள். எப்போது கூட்டத்தைப் பார்க்கிறார், எந்த நொடியில் பையனைக் கூப்பிட்டுத் திட்டுகிறார், எப்போது எல்லோரையும் சிரிக்க வைக்கிறார் என்று கவனித்தால், கை எப்போது வேலை செய்கிறது என்பதும் மெல்லப் பிடிபடும்.

ஏற்கெனவே பெட்டி வாங்கித் தொலைத்தவர்கள் மனம் நோக வேண்டாம், குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தவர்களும்தான். பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். அடியில் ஒரு மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூன்று பிளாஸ்டிக் கிண்ணங்கள் கிடக்கும், கூடவே சின்னப் பந்துகள். காகிதத்தில் அதற்கான விளக்கம்தான் எல்லாவற்றையும்விட நீளம் என்பதால் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பந்துகளை எண்ணுங்கள், நாலு இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு மூன்றுதான் தெரியும். அந்த நாலாவதைத் தம்பி தொலைத்திருந்தால் கவலையில்லை, பழைய துணியைக் கிழித்துச் சுருட்டி நூலால் கட்டினால் ஒன்று ஆயிற்று. நாலையும் அப்படியே செய்துவிட்டால் ஒரே மாதிரி இருக்கும், பிளாஸ்டிக் பந்து போலக் கிண்ணத்துக்குள் கடகடவென்று சத்தமும் போடாது.